பதினோரு முடிச்சு

காவல்மேட்டுக் கோட்டையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த ஜில்லாவில் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதையே நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். இப்போது சொல்லும்போது நாக்கு கசக்கிறது.

கோட்டை என்றதும் மதிலும் கொத்தளமுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐயம்பேட்டையிலிருந்து பாலாற்றுப் பக்கம் பிரிகிற மண்சாலையில் போனால் கருவேல முள்ளுக்கு நடுவே ஒரு மேடு வரும். மேட்டின்மேல் இடிந்த செங்கல் சுவர் இரண்டு நிற்கும். மைசூர்ப் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கிய காலத்தில் கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் இங்கே ஓர் எல்லைக் காவல் வைத்தார்கள். நூற்றுச் சொச்சம் சிப்பாய்கள், இரண்டு பீரங்கி, ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட். மேட்டின் நடுவில், தரைக்கு அடியில், வெடிமருந்து வைக்க ஒரு கிடங்கு கட்டினார்கள். இருபது அடி ஆழம், வளைவுக் கூரை, ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு மேலே சதுரமாக ஒரு வாய். சுவரெல்லாம் கரைந்துபோயும் அந்தக் கிடங்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் கோதண்டபாணி. காஞ்சிபுரத்தில் முப்பத்திரண்டு வருஷம் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற மறுமாதமே இந்தக் கோட்டையின் சரித்திரத்தை எழுத உட்கார்ந்தேன். ஐந்து வருஷ அலைச்சலில் எனக்குக் கிடைத்த பொக்கிஷம், அந்த லெப்டினன்ட் எழுதிய ஒரு கடிதத்தின் நகல். 1781 ஆகஸ்டில், முற்றுகை விலகிய பிறகு எழுதியது. மழையில் வெகுநாள் மூடிக் கிடந்த கிடங்கைத் திறந்ததாகவும், ஒரே காலையில் பதினோரு சிப்பாய்கள் அங்கே மாண்டதாகவும், ஒருவர் உடம்பிலும் காயம் இல்லை என்றும் எழுதியிருந்தான். அடுத்த வரியில், உணவில் விஷம் வைத்தான் என்று சமையற்காரனைத் தூக்கில் போட்டதாக இருந்தது. அதற்கும் கீழே, கூலிப் பெண் ஒருத்தி கையில் விளக்கோடு கிடங்கு வாயில் நின்று சிப்பாய்களை மறித்துக் கலகம் செய்ததாகவும், அவளுக்குப் பன்னிரண்டு கசையடி கொடுத்ததாகவும் ஒரு வரி.

சமையற்காரனின் சதியை வைத்து ஓர் அத்தியாயமே எழுதினேன். கூலிப் பெண்ணின் வரியை விட்டுவிட்டேன். சரித்திரத்துக்கு அவள் எதற்கு என்று நினைத்தேன்.

அந்தக் கிடங்குதான் ஊர்க்காரர்களுக்குக் கோயில். கிடங்கம்மன் என்று பெயர். கிடங்கின் அடியில் ஒரு கல் இருக்கிறது, அதுதான் அம்மன். ஆடிக் கடைசி வெள்ளியில் வாயை மூடியிருக்கும் பலகைக் கல்லை நகர்த்துவார்கள். காலனியைச் சேர்ந்த ஒரு குடும்பத்துப் பெண் ஓர் அகல் விளக்கை ஏற்றி, கயிற்றில் கட்டி, மெல்ல உள்ளே இறக்குவாள். கயிற்றில் பதினோரு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் கை நழுவும்போது கூட்டம் எண்ணும். ஒன்பதாவதில் விளக்கு தரையைத் தொடும். அதுவரை சுடர் அணையாமல் இருந்தால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் புருஷன் ஏணியில் இறங்கி, கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு ஏறி வருவான். நடுவில் அணைந்தால் அந்த வருஷம் யாரும் இறங்கக் கூடாது. மேலேயே கற்பூரம் காட்டிவிட்டுக் கல்லை மூடிவிடுவார்கள்.

எந்தெந்த வருஷம் உத்தரவு கிடைத்தது, எப்போது கிடைக்கவில்லை என்று ஊர்க்காரர்களைக் கேட்டு ஒரு பட்டியலே போட்டேன். ஆடியில் மழை பெய்த வருஷமெல்லாம் விளக்கு அணைந்திருந்தது. காய்ந்த வருஷங்களில் எரிந்திருந்தது. 'கிடங்கம்மனுக்கு ஜலதோஷம் போலும்' என்று ஓரத்தில் எழுதி வைத்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்க இன்னும் கை வரவில்லை.

கயிற்றையும் விட்டுவைக்கவில்லை. தறியில் மிஞ்சும் பட்டு நூல் துண்டுகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு அது. இழுத்தால் அறாது. முடிச்சுகளுக்கு நடுவே டேப் வைத்து அளந்தேன். ஒன்று இரண்டடி, ஒன்று ஒன்றரை, ஒன்று மூன்று. 'முடிச்சுகள் ஆழத்தை அளப்பதற்காக. ஆனால் கிராமத்தாரின் அளவு துல்லியமற்றது' என்று புத்தகத்தில் அச்சாகியே விட்டது. தரை ஒன்பதாவது முடிச்சில் வந்துவிடும்போது கயிற்றில் பதினொன்று ஏன் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. கேட்டால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இப்போது விளக்கு இறக்குகிற முறை பூவம்மாளுடையது. நாற்பது வயது இருக்கும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. அவள் புருஷன் ராமலிங்கம் ஐயம்பேட்டை ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். என்னை எங்கே பார்த்தாலும் ஆட்டோவை ஓரங்கட்டி, "ஏறுங்க சார்" என்பான். காசு வாங்க மாட்டான்.

இந்த வருஷம் என் புத்தகத்தைப் படித்துவிட்டு, கோட்டைக்கு ஒரு பாரம்பரியச் சின்னப் பலகை வைக்கலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. ஆடிக் கடைசி வெள்ளியில் வாருங்கள், கிடங்குக்குள் ஆள் இறங்குவதையே பார்க்கலாம் என்று நான்தான் அழைத்தேன். ஆனால் மூன்று வருஷமாக விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. இந்த ஆடியிலும் சாயங்காலம் தவறாமல் மழை. மறுபடியும் அணைந்தால் அதிகாரி எதைப் பார்ப்பார்? அடுத்த பதிப்பில் என் அத்தியாயத்துக்கு ஒரு படம்கூட இருக்காது.

அப்போதுதான் என் சரித்திர மூளை வேலை செய்தது. அது வெடிமருந்துக் கிடங்கு. வெடிமருந்துக் கிடங்கில் எரிகிற விளக்கை இறக்குவார்களா? சுவரில் ஒட்டிய மருந்துத்தூள் இன்னும் இருக்கலாமே? ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். நெருப்பு கூடாது, அதிகாரி பார்த்தால் திருவிழாவையே நிறுத்திவிடுவார் என்று பயமுறுத்தினேன். பிறகு பையிலிருந்து அதை எடுத்தேன். அகல் மாதிரியே செய்த பேட்டரி விளக்கு, ராஜவீதியில் வாங்கியது. ஐந்நூறு மணி நேரம் எரியும் என்று அட்டையில் போட்டிருந்தது.

பூவம்மாள் அதைக் கையில் வாங்கவில்லை.

"இருநூறு வருசமா எறக்கிக்கினு இருக்கறோம் சார். வெடிக்கணும்னா எப்பவோ வெடிச்சிருக்கும்" என்றாள்.

"வெடிக்கிற வரைக்கும் எதுவும் வெடிக்காதும்மா" என்றேன். கூட்டம் சிரித்தது. எனக்கும் என் பதில் பிடித்துப்போயிற்று.

"இது அணையாதே சார்."

"அதனாலதான் வாங்கினேன்."

"அணையறதுக்குத்தான் சார் அத எறக்கறதே."

இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன். ராமலிங்கம் மனைவியின் தோளைத் தொட்டு, "சார் படிச்சவரு, பூவு. அவருக்குத் தெரியாதா?" என்றான். ஊரும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டது. மூன்று வருஷமாக ஆத்தா முகம் கொடுக்கவில்லை என்று ஊருக்குள் ஒரு கலக்கம் இருந்தது. கல்யாணம் தள்ளிப்போனதற்கும் மாடு செத்ததற்கும் அதுதான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள். இந்த வருஷம் எப்படியாவது உத்தரவு வேண்டும் அவர்களுக்கு. எனக்கும் வேண்டும். அணையாத விளக்கு எங்கள் எல்லோருக்கும் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து என் மனைவி ரேணுகாம்பாளிடம் பூவம்மாள் சொன்னதை ஜோக்காகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க? அந்தம்மா சொல்றதுல ஏதோ இருக்குதுங்க. ஒரு வாட்டி ஒக்காந்து கேளுங்களேன்" என்றாள். நான் டிவியைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரை மழை தூறி ஓய்ந்திருந்தது. மேட்டைச் சுற்றிப் பள்ளமெல்லாம் தண்ணீர் தேங்கி, தவளைகள் காது கிழியக் கத்தின. நாலு பேர் சேர்ந்து பலகைக் கல்லை நகர்த்தினார்கள். உள்ளேயிருந்து அழுகிய இலை வாடை ஒன்று எழும்பியது. கிடங்குக்குள்ளிருந்து மட்டும் ஒரு தவளைச் சத்தமும் வரவில்லை. எனக்கு அது ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதிகாரி என்னிடம் அதைச் சொன்னார். "உள்ள ரொம்ப அமைதியா இருக்கே சார்" என்றார். "கும்பினிக்காரன் கட்டடம், ஈரம் இறங்காது" என்று நான் விளக்கம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது.

பூவம்மாள் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவையில் வந்தாள். என் விளக்கைக் கயிற்றில் கட்டினாள். இறக்கினாள். கூட்டம் எண்ணியது. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலில் குரல் தயங்கியது. மூன்று வருஷமும் நாலிலோ ஐந்திலோதான் அணைந்திருந்தது. ஐந்து. ஆறு. குரல் ஏறியது. ஏழு, எட்டு, ஒன்பது. கயிறு தளர்ந்தது. அடியில் மஞ்சள் வெளிச்சம் அசையாமல் நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். பம்பைக்காரன் அடித்துத் தள்ளினான். சிலர் அழுதார்கள்.

பூவம்மாள் மட்டும் குலவையிடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"சுடரு ஆடவேயில்ல சார்" என்றாள்.

எனக்கு அப்போது உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்தில் அதிகாரி போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "எரியுதில்லம்மா, அது போதும்" என்றேன்.

ராமலிங்கம் சட்டையைக் கழற்றி, மஞ்சள் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டான். மூங்கில் ஏணியில் கால் வைத்தவனை நிறுத்தி என் போனைக் கொடுத்தேன். "கல்லுல எழுத்து ஏதாவது இருக்கும்பா. கிட்டக் குனிஞ்சு நாலஞ்சு படம் எடு. அவசரப்படாத, நிதானமா எடு."

"சரிங்க சார்."

இறங்கினான். மேலேயிருந்து குனிந்து பார்த்தோம். விளக்குக்குப் பக்கத்தில் அவன் முதுகு தெரிந்தது. கல்லுக்கு மஞ்சள் பூசினான். பிறகு மண்டியிட்டான். பிளாஷ் ஒரு தடவை மின்னியது. இரண்டாம் தடவை மின்னியது.

"எழுத்து மாதிரி ஏதோ இருக்குது சார்" என்று குரல் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு பேசுகிற குரல்.

"நல்லா கிட்டப் போப்பா!"

மூன்றாவது பிளாஷ் வரவில்லை. போன் கல்லில் விழுந்த சத்தம் கேட்டது. ராமலிங்கம் கும்பிடுகிற மாதிரி முன்னால் சாய்ந்து, அப்படியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டான். சத்தமில்லை, உதறலில்லை. சாமி வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். பம்பை இன்னும் வேகமாக அடித்தது.

பூவம்மாள்தான் கத்தினாள். பம்பை நின்றது. ராமலிங்கத்தின் தம்பி மாணிக்கவேல், அவனும் ஆட்டோக்காரன்தான், "அண்ணா!" என்று ஏணியில் பாய்ந்தான். நாலு படி இறங்கியிருப்பான். பூவம்மாள் தரையில் விழுந்து, இரண்டு கையாலும் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறுடா மேல!"

"விடு அண்ணி! அண்ணன் கெடக்குது பாரு!"

"ஏறுடான்றேன்!"

அவனை மேலே இழுத்துப் போட்டுவிட்டு, பூஜைத் தட்டிலிருந்த அகலை எடுத்தாள். ஈரத்தில் மூன்று குச்சி வீணாயிற்று. கட்ட வேறு கயிறு இல்லாமல், பம்பைக்காரனின் தோள் கயிற்றைப் பிடுங்கி அகலைக் கட்டி இறக்கினாள். யாரும் எண்ணவில்லை. ஓர் ஆள் உயரம்கூடப் போயிருக்காது. சுடர் நீலமாகச் சிறுத்து அணைந்தது. அதற்கும் கீழே, தரையில், என் விளக்கு ராமலிங்கத்தின் முகத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

பூவம்மாள் எழுந்து கிடங்கு வாய்க்குக் குறுக்கே கால்களை அகட்டி நின்றாள். அணைந்த அகல் கையில் புகைந்தது.

"ஒருத்தனும் எறங்கக் கூடாது" என்றாள். "எறங்கினா நான் உள்ள குதிச்சிடுவேன்."

"ஒம் புருசன்மா!" என்று யாரோ அழுதார்கள்.

"எம் புருசன்தான்" என்றாள்.

இளவட்டங்கள் நாலைந்து பேர் அவளைத் தள்ளிவிட்டு இறங்கப் பார்த்தார்கள். ஒருவன் இடுப்பில் துண்டைக்கூடக் கட்டிவிட்டான். அவள் ஏணியை உருவி முள்ளுக்குள் எறிந்தாள். ஒருவனைக் கடித்தாள். கீழே கிடப்பவனைப் பார்த்துப் பார்த்து அலறிக்கொண்டே மேலே இருப்பவர்களைத் தடுத்தாள். அப்போதுதான், அந்த முள்ளுக்காட்டில் ஈரத்தில் நின்றுகொண்டு, நான் அந்தக் கடிதத்தைப் புரிந்துகொண்டேன். பதினோரு பேரும் சேர்ந்து சாகவில்லை. ஒருவன் விழுந்தான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான். அவனைத் தூக்க அடுத்தவன். கையில் விளக்கோடு ஒருத்தி வந்து மறிக்கும் வரை இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குப் பன்னிரண்டு கசையடி. விஷமும் இல்லை, சமையற்காரனும் குற்றவாளி இல்லை. மழையில் அழுகி, மூடிக் கிடந்த காற்றுதான். அதற்குள் ஒரு சுடரால் உயிரோடு இருக்க முடியாது என்பதை அந்தக் கூலிப் பெண் கண்டுபிடித்து, மறந்துபோகாமல் இருக்க அதைச் சாமியாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் அதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி சேற்றில் சிக்கி, முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. முகமூடியும் சிலிண்டரும் போட்டு இறங்கியவர்கள் ராமலிங்கத்தை மேலே கொண்டுவந்தார்கள். அவன் உடம்பில் ஒரு காயமும் இல்லை. உள்ளங்கையில் மட்டும் மஞ்சள்.

போலீசில் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு என்னுடையது, ஆசையும் என்னுடையது என்றேன். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு, விஷவாயுவால் நேர்ந்த விபத்து என்று எழுதினார். என் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதில் இரண்டு படம் இருந்தது. கல்லில் எழுத்து எதுவும் இல்லை. வெறும் கல், இருநூறு வருஷ மஞ்சள். ரேணுகாம்பாள் சாப்பாடு போடுகிறாள், அவ்வளவுதான்.

நேற்று பதினாறாம் நாள் காரியம். போகாமல் இருக்க முடியவில்லை, போகத் தைரியமும் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓட்டுகிறவன் மாணிக்கவேல். என்னைக் கண்ணாடியில் பார்த்தான். இறங்கும்போது காசு கொடுத்தேன். எண்ணி வாங்கிக்கொண்டான்.

பூவம்மாள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஒருவரும் நாற்காலி போடவில்லை, ஒருவரும் திட்டவுமில்லை. அவளே எழுந்து வந்தாள்.

"சார், உங்க வெளக்கு இன்னும் எரிஞ்சிக்கினே இருக்குது."

கிடங்குப் பக்கம் கையை நீட்டினாள்.

"போலீசு மேல தகரம் போட்டு மூடியிருக்குது. சந்து வழியா பாத்தா தெரியுது. ஊருல நாலு பேரு அங்க போய் கும்பிட்டுக்கினு வராங்க. ஆத்தா இன்னும் கூப்பிடறான்றாங்க. சொன்னா கேக்க மாட்டேன்றாங்க. நீங்கதான சார் சொன்னீங்க, எரியுதில்ல, அது போதும்னு?"

ஐந்நூறு மணி நேரம். மனசுக்குள் கணக்குப் போட்டேன். இன்னும் நாலைந்து நாள் எரியும். அதை அணைக்க ஆள் இறங்க வேண்டும்.

"அது அணையற வரைக்கும் தெனம் அங்க காவலு இருக்கறேன்" என்றாள். பிறகு உள்ளே போய் அந்தக் கயிற்றை எடுத்து வந்தாள். தீயணைப்புக்காரர்கள் அறுத்துப் போட்டுவிட்டுப் போன கயிறு. விளக்குக்குப் பக்கத்தில் அறுத்திருந்ததால் பதினோரு முடிச்சும் தப்பியிருந்தன. "இத அளக்கறதுக்குன்னு புஸ்தகத்துல போட்டிருக்கீங்கன்னு அவரு படிச்சுக் காட்டினாரு சார். அளக்கறதுக்கு இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. கயிறு நைஞ்சுபோனா புதுசு முறுக்கி, பதினொண்ணும் திரும்பப் போடுவோம். எங்க மாமியா எனக்குச் சொன்னது."

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கவேயில்லயே சார்."

கயிற்றை என் கையில் வைத்தாள். பதினோராவது முடிச்சுக்கு அப்பால் ஒரு முழம் வெறுமையாக இருந்தது.

"இந்தக் கயித்துல மொதமொதல்ல எங்க ஊட்டு ஆளு" என்றாள். "நீங்க போடுங்க."

என் அப்பா தறிக்காரர். பட்டு நூல் வழுக்கும், முடிச்சு நிற்க வேண்டுமானால் எச்சில் தொட்டு இறுக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே தெரியும். முதல் தடவை போட்டது அவிழ்ந்துவிட்டது. இரண்டாவதும் நழுவியது. மாணிக்கவேல் ஆட்டோவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பூவம்மாள் உதவவில்லை, போகவுமில்லை. நான் கயிற்று நுனியை வாயில் வைத்து நனைத்தேன். மஞ்சள் கசந்தது. மூன்றாவது தடவை பன்னிரண்டாவது முடிச்சைப் போட்டு, கை வலிக்கிற வரை இறுக்கினேன்.